மயிலத்து மழை எந்தக் கட்டத்தில் விழுகிறது?

சென்னை நுங்கம்பாக்கம், மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தலைவர் அவர்களுக்கும் அங்கு பணியாற்றும் அறிவியலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



2024 நவம்பர் 30 இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு உள்மாவட்டங்களை நோக்கி நகர்ந்து ஓய்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அது நகரவில்லை. புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் அருகிலேயே பல மணி நேரம் நின்று கொட்டியது. டிசம்பர் 1 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை, புதுச்சேரியில் கிட்டத்தட்ட 49. மயிலத்திலிருந்து நேர்க்கோட்டில் 12 கிலோமீட்டர்கூட இல்லாத திண்டிவனத்தில் அதைவிடக் குறைவு. அடுத்த நாள் மழை மேற்கே போய் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது, சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது; தென்பெண்ணை கரையை மீறி அரசூரையும் திருவெண்ணெய்நல்லூரையும் மூழ்கடித்தது.

புயல் ஏன் நின்றது, அதை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. நின்றுபோகும் புயல் உலகின் எந்த வானிலை மையத்துக்கும் கடினமான கணக்கு. அதில் தவறு நேர்ந்தால் அதற்காக உங்கள் மேல் கல்லெறிவது நியாயமில்லை. நாங்கள் கேட்பது அதைவிடச் சிறிய ஒன்று. மனிதர் கையால் முழுமையாகச் சரிசெய்யக்கூடிய ஒன்று. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கணினி ஒவ்வொரு கட்டத்துக்கும் கணித்துத் தரும் மழை எண், எங்கள் விழுப்புரம் மாவட்டத்தின் வரைபடத்தில் எந்த ஊரின் மேல் போய் உட்காருகிறது? அந்த இடமாற்றத்தை யார் சரிபார்க்கிறார்கள்? சரிபார்த்ததற்கான சான்று எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்க இப்போது புதிய காரணம் ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 24 அன்று ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகமும் உங்கள் துறையும் சேர்ந்து கிராம ஊராட்சி அளவிலான வானிலை முன்னறிவிப்பைத் தொடங்கின. 2025 மே 26 அன்று புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய பாரத் முன்னறிவிப்பு முறை 6 கிலோமீட்டர் கட்டத்தோடு செயல்பாட்டுக்கு வந்தது. அதுவரை நாட்டின் முதன்மை உலக மாடல்கள் 12 கிலோமீட்டர் அளவில் ஓடிக்கொண்டிருந்தன. இவை பெருமைப்பட வேண்டிய வேலைகள். ஆனால் மாவட்டம் என்று சொன்ன காலத்தில் பத்துக் கிலோமீட்டர் தவறு யார் கண்ணிலும் படாது. ஊராட்சி என்று சொல்லத் தொடங்கிய பிறகு அதே பத்துக் கிலோமீட்டர் நான்கைந்து ஊரைத் தாண்டிவிடும்.

விழுப்புரம் மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,700 சதுர கிலோமீட்டர், ஊராட்சிகள் 688. ஒரு ஊராட்சிக்குச் சராசரியாக ஐந்தரை சதுர கிலோமீட்டர்கூட வராது. 12 கிலோமீட்டர் கட்டம் ஒன்றில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அடங்கும். 6 கிலோமீட்டர் கட்டத்தில் ஆறேழு. கால் டிகிரிக் கட்டம் என்றால் நூற்றுக்கும் மேல்.

கால் டிகிரிக் கட்டத்தைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். உங்கள் துறை 1901 முதல் தொகுத்து வைத்திருக்கும் நாடு தழுவிய மழைத் தரவு கால் டிகிரி இடைவெளியில் இருக்கிறது. தென்வடலாக 6.5 முதல் 38.5 டிகிரி வரை 129 வரிசை, கிழமேற்காக 66.5 முதல் 100 டிகிரி வரை 135 வரிசை. அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடலின் பொதுக் கோப்புகளும் கால் டிகிரியில் கிடைக்கின்றன. பல தனியார் செயலிகள் இத்தகைய கோப்புகளிலிருந்துதான் ஊருக்கு ஊர் மழை சொல்கின்றன. இந்தக் கட்டத்தில் மயிலத்தைத் தேடிப் பாருங்கள்.

மயிலம் ஏறத்தாழ 12.13 டிகிரி வடக்கு, 79.62 டிகிரி கிழக்கு. அதைச் சுற்றி நான்கு கட்டப்புள்ளிகள். தென்மேற்கில் 12.0, 79.5; அது விக்கிரவாண்டிப் பக்கம். தென்கிழக்கில் 12.0, 79.75; அது வானூரை ஒட்டி. வடமேற்கில் 12.25, 79.5, செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே. வடகிழக்கில் 12.25, 79.75, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் திசையில். இந்த நான்குக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில் இருக்கிறது மயிலம். அந்த இரவில் மாநிலத்திலேயே அதிக மழை வாங்கிய ஊர், கட்டத்தின் எந்தப் புள்ளிக்கும் சொந்தமில்லாமல் நான்கிலிருந்தும் சமதூரத்தில் நிற்கிறது.

இப்போது கணினியிடம் மயிலத்துக்கான மழையைக் கேட்டால் என்ன செய்யும்? பக்கத்துப் புள்ளியை எடு என்று எழுதிய நிரல், மயிலத்தின் தீர்க்கரேகையை 79.62 என்று கொடுத்தால் மேற்குப் புள்ளியை எடுக்கும், 79.63 என்று கொடுத்தால் கிழக்குப் புள்ளியை எடுக்கும். நூறில் ஒரு பங்கு டிகிரி, அதாவது ஒரு கிலோமீட்டர் மாறினால், மழை எண் 27 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறொரு இடத்திலிருந்து வரும். நான்கையும் சராசரி போடு என்று எழுதிய நிரல் நான்கிலும் கொஞ்சம் எடுத்துக் கலக்கும். நான்கு புள்ளிகளிலும் 20, 30, 40, 30 என்று இருப்பதாக வைத்துக்கொண்டால் மயிலத்துக்கு 30 என்று விடை வரும். நடுவில் கொட்டிய 51 அந்தக் கோப்பில் எங்கும் இருக்காது. வெப்பநிலைக்கு இந்தச் சராசரி பொருந்தும்; அது ஊருக்கு ஊர் மெல்ல மாறுவது. மழை அப்படிப்பட்டதல்ல. மழைக்கு மொத்த நீரின் அளவு குறையாமல் பங்கிட்டுத் தரும் முறையே வேண்டும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். முன்னறிவிப்பைப் படிக்கும் ஊராட்சித் தலைவருக்குத்தான் எந்த முறையில் அந்த எண் வந்தது என்று தெரிய வழியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கோப்பில் எழுதியிருக்கும் 12.0, 79.5 என்பது கட்டத்தின் நடுவா, மூலையா? நடு என்று எழுதிய கோப்பை மூலை என்று ஒருவர் வாசித்துவிட்டால் முழு வரைபடமும் அரைக் கட்டம் நகரும். கால் டிகிரிக் கட்டத்தில் அரை என்றால் 13.8 கிலோமீட்டர் வடக்கு, 13.6 கிலோமீட்டர் கிழக்கு. உலகெங்கும் வானிலைத் தரவைக் கையாளுபவர்களிடம் மிகச் சாதாரணமாக நேரும் பிழை இது. படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நிறங்கள் அழகாகத்தான் இருக்கும்.

அடுத்து, உருண்டையைத் தட்டையாக்கும் கணக்கு. கைப்பேசியில் நாம் பார்க்கும் ஏறக்குறைய எல்லா வரைபடமும் மெர்கேட்டர் புரொஜெக்‌ஷனில் வரையப்பட்டது. அதில் வடக்கே போகப் போக ஒரு டிகிரிக்கும் அடுத்த டிகிரிக்கும் உள்ள இடைவெளி விரிந்துகொண்டே போகும். வானிலை மாடலின் கட்டமோ ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரே இடைவெளி வைத்தது. இரண்டையும் பொருத்த ஒவ்வொரு வரிசையையும் கணக்கிட்டு நகர்த்த வேண்டும். அதைச் செய்யாமல், நாடு முழுமைக்குமான மழைப் படத்தை எடுத்து நான்கு மூலையை மட்டும் சரியாகப் பொருத்தி மெர்கேட்டர் வரைபடத்தின் மேல் ஒட்டினால் என்ன ஆகும்? மூலைகள் நான்கும் மிகச் சரியாக இருக்கும். நடுவில் எல்லாம் வழுக்கிவிடும்.

6.5 முதல் 38.5 டிகிரி வரையான படத்தை அப்படி ஒட்டினால் நம் பகுதிக்கு என்ன நேர்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விழுப்புரத்தின் அட்சரேகை 11.94. அந்த ஊர் மழை 12.41இல் தெரியும், அதாவது 52 கிலோமீட்டர் வடக்கே, வந்தவாசிப் பக்கம். திண்டிவனத்தின் மழை 12.72இல் தெரியும், காஞ்சிபுரத்துக்குச் சற்றுத் தெற்கே. மாடல் மிகச் சரியாகக் கணித்திருந்தாலும் விழுப்புரத்துக்காரர் தன் ஊரைத் தொட்டுப் பார்த்தால் அங்கே விருத்தாசலத்துக்குக் கிழக்கே பெய்ய வேண்டிய மழை காட்டும். அவர் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் தூங்கப் போவார். உங்கள் அலுவலகம் இந்தத் தவறைச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. படத்தை நீங்கள் வெளியிடுகிறீர்கள். அதை எடுத்து ஒட்டுபவர்கள் பலர். எப்படி ஒட்ட வேண்டும் என்று படத்தோடு ஒரு வரி எழுதி அனுப்பும் பொறுப்பு வெளியிடுபவருக்கு உண்டு என்கிறேன். சமைத்தவர் கைப்பக்குவம் எவ்வளவு உயர்ந்ததானாலும் சோறு பக்கத்து இலையில் விழுந்தால் பசித்து உட்கார்ந்தவருக்கு என்ன பயன்?

பூமியின் வடிவத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேச நம் பகுதிக்குத் தனி உரிமை இருப்பதாக நினைக்கிறேன். 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பூமியின் வளைவை அறிய அவர் இந்தியாவில் அளந்த முதல் தென்வடல் வில், கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்தில் 11 டிகிரி 44 நிமிடத்தில் தொடங்கிச் சென்னைக்கு வடக்கே 13 டிகிரி 19 நிமிடத்தில் முடிகிறது. விழுப்புரத்தின் அட்சரேகையும் திண்டிவனத்தின் அட்சரேகையும் அதற்குள்தான் இருக்கின்றன. பூமி எவ்வளவு தட்டையானது என்று ஐரோப்பியக் கணித அறிஞர்கள் போட்ட பட்டியல்களில் இந்தியாவின் முதல் வில் என்று இடம்பெற்றது நம் வானூர், திண்டிவனம், மதுராந்தகம் வழியாகப் போகும் இந்தத் துண்டு நிலம். அந்த அளவைகள் வளர்ந்து, 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் பெயரிலான நீள்வட்டமாகி, இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அடிப்படையாக இருந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகுதான் பொதுமக்களுக்கான தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறைக்கு மாறின. எவரெஸ்ட் கணக்கில் பூமியின் நடுக்கோட்டு ஆரம் 6,377,276 மீட்டர், ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கில் 6,378,137 மீட்டர். பழைய தாளில் குறித்த ஒரு ஏரியின் இடத்தை மாற்றாமல் அப்படியே புதிய வரைபடத்தில் வைத்தால் சில நூறு மீட்டர் தள்ளிப்போகும்.

சில நூறு மீட்டர் மழைக் கணக்குக்குப் பெரிதல்ல. அதற்காக யாரையும் தொந்தரவு செய்ய மாட்டேன். பெரிய பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. வானிலை மாடல்கள் பூமியை நீள்வட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. முழு உருண்டையாக எடுத்துக்கொள்கின்றன. பல நாடுகளில் ஓடும் டபிள்யூ.ஆர்.எஃப். மாடலில் அந்த உருண்டையின் ஆரம் 6,370 கிலோமீட்டர். காற்றும் ஈரமும் நகரும் கணக்குக்கு அது போதும். ஆனால் அட்சரேகை என்ற எண்ணுக்கு உருண்டையில் ஒரு பொருள், நீள்வட்டப் பூமியில் வேறு பொருள். ஜி.பி.எஸ். காட்டும் அட்சரேகை, தரைக்குச் செங்குத்தாக நிற்கும் கோடு நடுக்கோட்டுத் தளத்தோடு செய்யும் கோணம். உருண்டையில் அது பூமியின் மையத்திலிருந்து அளக்கும் கோணம். நடுக்கோட்டிலும் துருவத்திலும் இரண்டும் ஒன்று. இடையில் வேறுபடும். நம் 12 டிகிரியில் வேறுபாடு 0.078 டிகிரி; தரையில் 8.7 கிலோமீட்டர்.

வானிலை உலகின் வழக்கம், ஜி.பி.எஸ். அட்சரேகையை அப்படியே எடுத்து உருண்டையின் அட்சரேகையாக வைத்துக்கொள்வது. எல்லோரும் ஒரே மாதிரி செய்தால் சிக்கலில்லை. மாடலின் கோப்பைத் திறக்கும் வரைபட மென்பொருள், இது உருண்டை, அது நீள்வட்டம், நானே மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்று முனைந்தால்தான் வினை. கணிதப்படி அந்த மாற்றம் பிழையற்றது. நடைமுறையில் மழை முழுவதும் 8.7 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துவிடும். 6 கிலோமீட்டர் கட்டத்தில் அது ஒரு கட்டத்துக்கும் மேல். 4 கிலோமீட்டர் மாடலில் இரண்டு கட்டம். எந்த எச்சரிக்கைச் செய்தியும் வராது. மலை, ஏரி, நில உயரம் ஆகிய தரவுகள் ஒரு கணக்கிலும் மழை வேறு கணக்கிலும் வந்து ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால், செஞ்சி மலைகளின் ஒரு சரிவில் பெய்தது மறுசரிவில் பெய்ததாகக் காட்டும்.

இத்தனை நுட்பமும் தேவையில்லாத ஒரு தவறும் இருக்கிறது. களத்தில் மிக எளிதாக நேர்வது. பழைய மழைமானிப் பட்டியல்களில் இடங்கள் டிகிரி, நிமிடம் என்று இருக்கும். விழுப்புரம் 11 டிகிரி 56 நிமிடம், 79 டிகிரி 29 நிமிடம். கணினியில் ஏற்றுபவர் அதை 11.56, 79.29 என்று தட்டிவிட்டால்? நிமிடத்தை அறுபதால் வகுக்க வேண்டும் என்பது விட்டுப்போனால்? விழுப்புரத்தின் மழைமானி விருத்தாசலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் அருகே போய் நிற்கும். திண்டிவனம் 12 டிகிரி 14 நிமிடம், 79 டிகிரி 39 நிமிடம். அதை 12.14, 79.39 என்று ஏற்றினால் செஞ்சிக்குத் தெற்கே போய்விடும். அந்த ஊரில் அளந்த மழையை இந்த ஊரின் கணிப்போடு ஒப்பிட்டு, மாடல் தவறிவிட்டது என்று முடிவு கட்டுவோம். உண்மையில் மாடல் சரியாகச் சொல்லியிருக்கக்கூடும். அந்த அளவு திரும்பவும் மாடலுக்குள் ஊட்டப்பட்டால் அடுத்த கணிப்பும் கெடும்.

மழையின் முன்னறிவிப்பே ஐம்பது கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும்போது இந்த எட்டுக்கும் பத்துக்கும் ஏன் இவ்வளவு பேச்சு என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னைத் துறைமுக ரேடாரிலிருந்து விழுப்புரம் சுமார் 150 கிலோமீட்டர். அரை டிகிரிச் சாய்வில் புறப்படும் அலை இங்கே வந்து சேரும்போது தரையிலிருந்து இரண்டே முக்கால் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அது பார்க்கும் துளி தரையைத் தொடுவதற்குள் புயல் காற்று அதை ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும். இயற்கை தரும் நிச்சயமின்மை இப்படிப் பல. ஆனால் அது ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். நூறு நாள் சேர்த்துப் பார்த்தால் அது தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும். கணிப்பவரும் அனுபவத்தால் கற்றுக்கொள்வார். ஆயத்தொலைவு மாற்றத்தில் நேரும் தவறு எல்லா நாளும், எல்லா மழைக்கும், ஒரே திசையில் ஒரே அளவு நகர்த்தும். அது மாடலின் குறை என்று கணக்கெழுதப்பட்டு, அறிவியலாளர்கள் இல்லாத நோயைத் தேடி மாதக்கணக்கில் உழைப்பார்கள். புனேயில் உள்ள அர்கா, நொய்டாவில் உள்ள அருணிகா ஆகிய மீத்திறன் கணினிகளுக்கு நாடு செலவிட்ட பணத்துக்கு இது இழைக்கும் அநியாயம்.

இந்த எட்டுக் கிலோமீட்டர் எங்களுக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கராபரணியிலும் தொண்டியாற்றிலும் சேரும் மழை வீடூர் அணைக்கு வரும். வானூர், மரக்காணம் பக்கம் விழும் மழை கழுவெளி என்னும் சதுப்பு ஏரிக்குப் போய்க் கடலோடு சேரும். வீடூரில் மதகைத் திறந்தால் தண்ணீர் விக்கிரவாண்டி வட்டத்து ஊர்களைத் தொட்டுப் புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு, வில்லியனூர்ப் பக்கம் பாயும். கழுவெளி நிரம்பினால் மரக்காணம் உப்பளங்கள் கரையும். மழை வரைபடத்தில் ஒன்றரைக் கட்டம் வடகிழக்காக நகர்ந்தால், அணைக்கு வர வேண்டிய தண்ணீர் ஏட்டில் கழுவெளிக்குப் போய்விடும். அணைப் பொறியாளர் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தயாராவார். மேலே ஜவ்வாது மலையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஒரு சரிவின் நீர் செய்யாறு வழியாகப் பாலாற்றுக்கு, மறுசரிவின் நீர் தென்பெண்ணைக்கு. சாத்தனூருக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கு, மலைமுகட்டுக்கு எந்தப் பக்கம் மழையை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் அந்த அணையைத் திறந்தபோது திருவெண்ணெய்நல்லூர் மக்களுக்குக் கிடைத்த அவகாசத்தை நினைத்தால், ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் எத்தனை மாட்டை அவிழ்த்துவிட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

விவசாயிக்கும் அப்படியே. டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு நாடெங்கும் போன மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. மல்லாட்டையைப் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டவருக்கு மாவட்டம் முழுவதும் ஆரஞ்சு எச்சரிக்கை என்பது எந்த முடிவுக்கும் உதவாது. மரக்காணம் கடற்கரையும் மேல்மலையனூரும் ஒரே நிறத்தில் இருக்கும் வரைபடத்தை அவர் இரண்டு முறை நம்புவார்; மூன்றாவது முறை நம்பமாட்டார். ஊராட்சிக்கு என்று தனி எண் வரும்போது அவர் மறுபடியும் நம்பத் தொடங்குவார். அந்த நம்பிக்கை முதல் பருவத்திலேயே உடையக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஆகவே கேட்கிறேன். நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு மழைக் கட்டக் கோப்போடும் படத்தோடும், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு குறிப்பு இருக்கட்டும்: பூமியை எந்த வடிவமாக எடுத்தீர்கள், எண் கட்டத்தின் நடுவைக் குறிக்கிறதா மூலையையா, எந்த புரொஜெக்‌ஷனில் வரைந்தது, மாடலின் சொந்தக் கட்டத்திலிருந்து இந்தக் கட்டத்துக்கு எந்த முறையில் மாற்றியது. ஊராட்சிக்கான எண் எந்தக் கட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் அதே பக்கத்தில் தெரியட்டும். புயல் அறிக்கைகளில் இடத்தை ஒரு தசமத்தோடு நிறுத்துகிறீர்கள். பத்தில் ஒரு டிகிரி என்பது 11 கிலோமீட்டர். கடலின் நடுவில் இருக்கும்போது அது போதும். கரையைத் தொட்ட பிறகு, ரேடாரும் தரை நிலையங்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு உறுதியோடு அந்த இடத்தைச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மாவட்ட எல்லைக் கோப்பையும் பாருங்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரிந்தது. அதற்கு முன் வரைந்த எல்லையை யாரேனும் இன்னும் பயன்படுத்தினால் கல்வராயன் மலையில் பெய்யும் மழை விழுப்புரத்தின் சராசரியில் ஏறிவிடும். புதுச்சேரியின் ஊர்கள் நம் மாவட்டத்துக்குள் தீவுதீவாகக் கிடக்கின்றன. ஒரே 6 கிலோமீட்டர் கட்டத்துக்குள் இரண்டு அரசுகளின் ஊர்கள் இருக்கும். சாலையின் இந்தப் பக்கம் ஒரு எச்சரிக்கையும் அந்தப் பக்கம் வேறொன்றும் வரக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று கேட்கிறேன், செலவே இல்லாதது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், ஒரு சோதனைக் கோப்பு தயார் செய்யுங்கள். அதில் நாடு முழுவதும் மழை பூஜ்யம். மயிலம் இருக்கும் ஒரே கட்டத்தில் மட்டும் 500 மில்லிமீட்டர். அந்தக் கோப்பை உண்மையான முன்னறிவிப்பு போகும் அதே வழியில் அனுப்புங்கள்: மாடலின் வெளியீட்டிலிருந்து கட்ட மாற்றம், வரைபடம், மாநிலப் பேரிடர் மேலாண்மைத் துறை, ஊராட்சிச் செயலி, விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்துக் கட்டுப்பாட்டு அறையின் திரை வரை. கடைசித் திரையில் அந்த ஒற்றைப் புள்ளி மயிலத்தில் எரிகிறதா, கூட்டேரிப்பட்டில் எரிகிறதா, கடலில் எரிகிறதா என்று பாருங்கள். 500 அப்படியே வந்து சேர்ந்ததா, 125 ஆகத் தேய்ந்ததா என்றும் பாருங்கள். பிறகு அதே சோதனையை ஊத்தங்கரைக்கும் செஞ்சிக்கும் மரக்காணத்துக்கும் செய்யுங்கள். எங்கே நகர்கிறது, எந்தப் படியில் நகர்கிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். பொதுமக்கள் யாரும் குழம்பாதபடி சோதனை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, முடிவை உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். நன்றாக வந்தால் உங்கள் அறிவிப்பின் மேல் நம்பிக்கை கூடும். தவறு தெரிந்தால் மழைக்கு முன்பே திருத்திவிடலாம்.

எங்கள் பங்குக்கு, பள்ளிகளிலும் வீடுகளிலும் மழைமானி வைத்திருக்கும் எங்கள் இதழின் வாசகர்களை, தங்கள் இடத்தை ஜி.பி.எஸ். மூலம் தசம டிகிரியில் நான்கு தசமம் வரை குறித்து, அளக்கும் நேரத்தோடு சேர்த்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பட்டியலைத் தொகுத்து உங்களுக்குத் தருகிறோம். சோதனை நடக்கும் நாளில் வீடூர் அணைப் பிரிவுப் பொறியாளரும், திண்டிவனம் சார் ஆட்சியரும், புதுச்சேரி நிர்வாகத்தின் ஒருவரும் அந்தத் திரைக்கு முன் இருக்க வேண்டும் என்று விழுப்புரம், புதுச்சேரி மாவட்ட ஆட்சியர்களுக்கு இந்த மடலின் நகலை அனுப்புகிறோம். தேதியை நீங்கள் குறித்துச் சொல்லுங்கள்.


ஆசிரியர் குழு
திண்டிவனம்